பித்தும் பெருமிதமும்
(புனைகதைகளில் மனநோயாளர் பற்றிய ஓர் ஆய்வு)

மூன்றாம் ஆண்டு, இளங்கலைத் தமிழ் இலக்கியம்

தோற்றுவாய்

சென்ற பொங்கல் விடுமுறையில் எங்கள் வீட்டில் அனைவரும் கூடி அமர்ந்து தொலைக்காட்சியில் ஒரு திரைப்படம் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் ஒரு நகைச்சுவைக் காட்சி வந்தது. கதைத்தலைவனின் நண்பன் தவறுதலாக ஒரு மனநோய் மருத்துவமனைக்குள் புகுந்துவிடுகிறான். அங்கே ஒருவன் இல்லாத பேருந்தை ஓட்டுகிறான். இன்னொருவன் தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு நடனமாடுகிறான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சற்று நேரம் கழித்துத்தான், வாசற்படியருகே அமர்ந்திருந்த என் தாய்மாமன் அங்கே இல்லை என்பதைக் கவனித்தேன்.

வெளியே சென்று பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியருகே நின்றுகொண்டிருந்தார்.

"என்ன மாமா, படம் பிடிக்கலையா?" என்று கேட்டேன்.

"படத்துல அப்படித்தான் காட்டுவாங்க மாப்ளே. ஆனா நான் அங்க இருந்தப்போ யாரும் பஸ் ஓட்டல. எப்ப வீட்டுக்குப் போவோம்னு எல்லாரும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தோம்" என்றார்.

அந்தச் சொற்கள் என்னை உறுத்தின. இலக்கியம் பயிலும் மாணவனாகிய நான் அவருடைய நோயை அறிவேன்; அவருக்கு வேளைதோறும் மாத்திரை எடுத்துக் கொடுத்தும் இருக்கிறேன். அப்படியிருந்தும் அந்தக் காட்சிக்குச் சிரித்தேன் என்றால், என்னைச் சிரிக்கவைத்தது எது? கதைகள் மனநோயாளரை நமக்கு எவ்வாறு காட்டிப் பழக்கியிருக்கின்றன? வேறு விதமாகக் காட்டிய கதைகள் நம் மொழியில் உண்டா? இவ்வினாக்களுக்கு என் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்கள் ஊரும் இப்பொருளும்

இப்பொருள் எங்கள் பகுதிக்கு அயலானதன்று. 1970களில் ஓசூரில் தொழிற்பேட்டை எழுந்தபின், லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகளையும், அவற்றுக்கு உதிரிப்பாகம் செய்து கொடுக்கும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளையும் நாடிப் பல ஊர்களிலிருந்தும் இளைஞர்கள் வந்து குடியேறினர். ஓர் அறையில் ஐவர், அறுவர். வாரத்துக்கொரு முறை மாறும் ஷிப்ட். ஊரில் திருவிழா நடக்கும்போது இங்கே இரவு வேலை. இவ்வாழ்க்கையே மனநோயைத் தந்துவிடும் என்று கூறுவதற்கில்லை. ஆனால் உறக்கம் கெடுவதும், உறவினின்று பிரிந்திருப்பதும், நோய்க்குரிய தன்மை முன்னரே உள்ளவர்க்கு அதனைத் தூண்டக்கூடும் என்பதை மருத்துவ நூல்கள் ஒப்புக்கொள்கின்றன.

எங்கள் தெருவில் ஓர் ஏச்சை மூன்று மொழிகளில் கேட்கலாம். தமிழர் 'பைத்தியம்' என்பர். தெலுங்கர் 'பிச்சோடு' என்பர். கன்னடர் 'ஹுச்சா' என்பர். எல்லையோர ஊரில் மற்றெல்லாவற்றிலும் பூசல் உண்டு. இந்த ஒன்றில் மட்டும் மும்மொழியினரும் ஒற்றுமையாக இருக்கிறோம். சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' என்னும் ஊர்ப்பெயரே கேலிச்சொல்லாகிவிட்டது போல, எங்கள் பகுதியில் 'நிம்ஹான்ஸ்' என்பது கேலிச்சொல்லாகிவிட்டது. பெங்களூரில் 1954இல் தோன்றிய அகில இந்திய மனநல நிறுவனமும், பழைய மைசூர் அரசின் மனநோய் மருத்துவமனையும் 1974இல் ஒன்றாகி உருப்பெற்ற நிறுவனம் அது. நாட்டிலேயே தலைசிறந்த மனநல நிலையங்களுள் ஒன்றாகிய அது அமைந்துள்ள சாலையின் பெயரே 'ஓசூர் சாலை' என்பது நம்மில் பலர் எண்ணிப் பாராத செய்தி. நம் ஊருக்கு வரும் சாலையில் நிற்கும் ஒரு மருத்துவமனையை நாம் வசைச்சொல்லாக வைத்திருக்கிறோம்.

என் மாமா அஞ்செட்டிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவர். இருபத்து நான்காம் வயதில், மற்றவர்கள் தம்மைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சொல்லத் தொடங்கினார். இயந்திரம் நின்றபின்னும் அதன் ஓசைக்குள்ளிருந்து யாரோ தம் பெயரைச் சொல்லி அழைப்பதாகக் கூறினார். உணவைச் சோதித்த பிறகே உண்டார். என் பாட்டி முதலில் கோயிலுக்கு அழைத்துச் சென்றார், பின்னர்த் தாயத்து, பின்னர் ஓர் ஆட்டுக்கிடா. இரண்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. இறுதியில் பக்கத்து வீட்டுக் கன்னடப் பாட்டி ஒருவர், "பஸ் ஏறினா ஒன்றரை மணி நேரம், கூட்டிட்டுப் போங்க" என்று சொன்ன பிறகே மருத்துவம் தொடங்கியது. அந்த இரண்டு ஆண்டு காலத்தாழ்வு அறியாமையால் மட்டும் நேர்ந்ததன்று. அச்சத்தாலும் நாணத்தாலும் நேர்ந்தது. அவ்வச்சத்தையும் நாணத்தையும் எங்கள் குடும்பம் எங்கிருந்து கற்றது? பெரும்பகுதி கதைகளிலிருந்து என்றே கருதுகிறேன்.

மெய்ப்பாட்டியல் காட்டும் வழி

இக்கதைகளை அளக்க மேலைநாட்டுக் கொள்கைகளைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. வகுப்பில் நாம் பயிலும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலே போதிய அளவுகோலாகும். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு. ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்பார் தொல்காப்பியர். ஒரு பாத்திரத்தைக் கண்டதும் நம் உள்ளத்தில் எந்த மெய்ப்பாடு எழுகிறது என்று நோக்கினால், படைத்தவன் அப்பாத்திரத்தை எங்கே நிறுத்தியிருக்கிறான் என்பது தெளிவாகும்.

அவ்வாறு நோக்கியபோது, நம் திரைக்கதைகளில் மனநோயாளர் பெரும்பாலும் மூன்று மெய்ப்பாடுகளுக்குள் அடைபட்டுக் கிடப்பதைக் கண்டேன். அவை நகை, அச்சம், அழுகை என்பன. அவற்றை முறையே காண்போம்.

நகை

நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. நகைச்சுவைக் காட்சியில் வரும் மனநோயாளன் எள்ளலுக்கும் பேதைமைக்கும் ஒருங்கே இலக்காகிறான். அவனுக்குப் பெயர் இராது, முன்கதை இராது, அவனைத் தேடி யாரும் வருவதில்லை. அவன் தனியாள் அல்லன். 'பைத்தியங்கள்' என்னும் கூட்டத்தில் ஒருவன்.

இதற்கு மாறான ஒரு காட்சியைச் சற்றேறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே சாத்தனார் காட்டியிருக்கிறார். மணிமேகலையின் மூன்றாம் காதையாகிய மலர்வனம் புக்க காதையில், மணிமேகலையும் சுதமதியும் புகார் நகரத் தெருவழியே செல்கின்றனர். தெருவில் பலவகைக் காட்சிகள். ஒவ்வொன்றையும் சுற்றி மக்கள் கூட்டம். அவற்றுள் ஒன்று பித்தேறிய ஒருவன். அலரியும் எருக்கும் தொடுத்த மாலை. கந்தைத் துணியோடு சுள்ளிகளைச் சேர்த்துக் கட்டிய உடை. அவன் அழுகிறான், விழுகிறான், தொழுகிறான், எழுகிறான். தன் நிழலோடு தானே சண்டையிடுகிறான். நம் திரைப்படங்களாயின் இவ்விடத்தில் கூட்டத்தைச் சிரிக்கவிட்டிருக்கும். சாத்தனாரோ அவன் பின்னே வருந்திச் சென்று, அவனுடைய கையற்ற துன்பத்தைக் கண்டு நிற்கும் மக்களைக் காட்டுகிறார். மக்கள் செயலற்று நிற்கிறார்கள் என்பது உண்மையே; ஆனால் அவர்கள் கண்டது துன்பத்தை. அவன் செய்கைகள் எல்லாம் வேடிக்கைக்கு உரியனவாக இருந்தும், பார்ப்பவர் உள்ளத்தில் எழுந்தது நகையன்று. ஒரே காட்சி, பார்வைதான் வேறு. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய காப்பியத்துக்கு இப்பார்வை பொருத்தமானதே.

அச்சம்

அச்சம் பிறக்கும் இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு. இந்நான்கினுள் நோயுற்றவன் இல்லை என்பதை நண்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆகவே மனநோயாளனைக் கண்டு நாம் அஞ்ச வேண்டுமாயின், கதாசிரியன் அவனை முதலில் அணங்காகவோ விலங்காகவோ மாற்ற வேண்டியிருக்கிறது. நம் திரைப்படங்கள் இரண்டையும் செய்துள்ளன.

விலங்காக மாற்றியவற்றுக்குச் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), 'மூடுபனி' (1980), 'ஆளவந்தான்' (2001) ஆகியவற்றைச் சான்றாகக் காட்டலாம். மூன்றும் திறமிக்க படங்களே. மூன்றிலும் இளமையில் பட்ட துயரமே பின்னாளில் கொலையாக வெடிக்கிறது. துயரத்தைக் காட்டியது நன்று. ஆனால் மனம் நோயுற்றவன் கொலை செய்வான் என்னும் சமன்பாடு பார்ப்பவர் நெஞ்சில் ஊன்றிவிடுகிறது. உண்மை நிலை அதற்கு மாறானது. மனநோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்யாதவர். பிறர் கையில் அடியும் வஞ்சனையும் படும் நிலையிலேயே அவர்கள் மிகுதியாக உள்ளனர் என்பது மருத்துவ உலகம் பலகால் எடுத்துரைத்த செய்தி.

அணங்காக மாற்றியதற்கு எல்லோரும் அறிந்த சான்று 'சந்திரமுகி' (2005). 1993இல் மலையாளத்தில் 'மணிச்சித்திரத்தாழ்' என வந்த கதை அது. 2004இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' என வந்தபோதே எங்கள் பகுதியில் பலர் அதனைக் கண்டுவிட்டனர். இக்கதையில் வரும் மருத்துவமுறை கற்பனையே. நாடகமாடி ஒரே இரவில் தீர்க்கும் நோய் எதுவும் இல்லை. எனினும் இக்கதைக்கு ஒரு சிறப்பு உண்டு. பேய் என்று ஊர் நம்பியதை நோய் என்று ஒரு மருத்துவர் கூறுகிறார். நோயுற்ற பெண்ணை அவள் கணவன் கைவிடவில்லை. இறுதியில் அவள் உயிரோடும் தெளிவோடும் வீடு திரும்புகிறாள். நோயுற்ற பாத்திரம் கதை முடிந்தபின்னும் வாழும் படங்கள் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் இதுவும் ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை.

ஆங்கில இலக்கியம் பயிலும் நண்பர்கள் சார்லட் பிராண்டி எழுதிய 'ஜேன் ஐர்' (1847) நாவலை அறிவர். அதில் பெர்த்தா என்னும் பெண் மாடி அறையில் பூட்டிவைக்கப்படுகிறாள். அவள் உறுமல் கேட்கும். அவள் பேச்சு கேட்காது. இறுதியில் வீட்டுக்குத் தீயிட்டு, கூரையிலிருந்து குதித்து இறக்கிறாள். அவள் இறந்த பின்னரே கதைத்தலைவிக்கு வாழ்வு கிட்டுகிறது. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, 1966இல், ஜீன் ரைஸ் என்னும் எழுத்தாளர் அதே பெண்ணை நாயகியாக்கி 'வைட் சர்காசோ சீ' என்னும் நாவலை எழுதினார். அதில் அவளுக்கு வேறொரு பெயர் உண்டு, பிறந்த தீவு உண்டு, இளமை உண்டு. அப்போதுதான் மாடி அறையில் இருந்தது விலங்கன்று, ஒரு பெண் என்பது பலருக்கு உறைத்தது.

அழுகை

அழுகை பிறக்கும் இடங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு. இவற்றுள் அசைவு என்பதற்கு, முன்னிருந்த நல்ல நிலை கெட்டு வேறாகி வருந்துதல் என உரைகாரர் பொருள் காண்பர். மனநோயின் துயரத்தை இதனினும் சுருங்கச் சொல்ல இயலாது.

'மூன்றாம் பிறை' (1982), 'குணா' (1991), 'சேது' (1999), '3' (2012) ஆகியவை இவ்வகையில் பலரையும் கலங்க வைத்த படங்கள். இவற்றின் முடிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 'குணா'வில் நாயகன் மலையிலிருந்து பாய்ந்து மாய்கிறான். '3' என்னும் படத்தில் இருமுனை மனநோயால் அல்லலுறும் இளைஞன், நோயை மனைவிக்கு மறைத்து, தற்கொலை செய்துகொள்கிறான். 'சேது'வில் நாயகன் மனம் தெளிகிறான். ஆனால் தெளிந்தவனை நம்பி ஏற்கும் உலகம் அவனுக்கு வாய்க்கவில்லை. காதலித்தவளின் பிணத்தைக் கண்டு, மீண்டும் அந்த அடைப்பிடத்துக்கே திரும்பிப் போகிறான்.

'மூன்றாம் பிறை' சற்று வேறுபட்டது. விபத்தினால் நினைவிழந்து குழந்தை போலாகிவிட்ட பெண்ணை ஓர் ஆசிரியன் உதகையில் வைத்துக் காக்கிறான். அவள் குணமாகிறாள். ஆனால் குணமானதும் அவனையும் அந்நாள்களையும் முற்றாக மறந்துவிடுகிறாள். புகைவண்டி நிலையத்தில் அவன் படும் பாட்டைக் கண்டு அழாதவர் இல்லை. நாம் அழுவது நோயுற்றவளுக்காக அன்று, காத்தவனுக்காக. நோயாளியைக் காத்தவர்களின் துயரமும் உண்மையானதே. என் பாட்டியைக் கண்டவன் என்ற முறையில் அதனை நான் அறிவேன். ஆனால் நோயிலிருந்து மீண்டவர்கள் எல்லாவற்றையும் மறந்துவிடுவதில்லை. யார் சோறிட்டார், யார் கதவைச் சாத்தினார் என்பதை என் மாமா ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருக்கிறார்.

இவற்றோடு 'காதல்' (2004) படத்தின் முடிவையும் ஒப்பிட வேண்டும். பிரிக்கப்பட்ட காதலன் தெருவில் பித்தனாகத் திரிகிறான். அவனைக் கண்டு கதறும் பெண்ணுக்கு ஆறுதலாக அவள் கணவனே முன்வந்து அவனை ஆதரிக்கிறான். அந்த ஒரு செய்கையால் அழுகை ஓர் அறமாக மாறுகிறது. கதை முடிந்தபின்னும் அவனுக்கு ஒரு நாளை உண்டு என்ற எண்ணத்தோடு நாம் எழுகிறோம்.

பெருமிதம்

நகை, அச்சம், அழுகை என்னும் மூன்றைக் கண்டோம். மனநோயாளனுக்குப் பெரும்பாலும் மறுக்கப்பட்ட மெய்ப்பாடு பெருமிதம். அது கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கில் பிறக்கும். நோயுற்றவனிடம் இவை இருக்கக்கூடும் என்று நம் திரைக்கதைகள் எண்ணிப் பார்த்தது அரிது. ஆனால் தமிழ் உரைநடை எண்ணிப் பார்த்திருக்கிறது. மூன்று படைப்புகளை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

முதலாவது, எம்.வி. வெங்கட்ராம் எழுதிய 'காதுகள்'. 1993ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல். அதன் நாயகன் மகாலிங்கம் ஓர் எழுத்தாளன், குடும்பத்தலைவன். அவன் காதுகளுக்குள் ஓயாமல் குரல்கள் கேட்கின்றன. ஏளனமும் ஆபாசமும் நிறைந்த அக்குரல்கள் உண்ணும்போதும் உறங்கும்போதும் விடுவதில்லை. தொழில் நலிகிறது, வறுமை சூழ்கிறது. ஆயினும் அவன் கணவனாகவும் தந்தையாகவும் சிந்திப்பவனாகவும் நீடிக்கிறான். தன் தெய்வத்தின் மீதுள்ள பற்றை ஊன்றுகோலாகக் கொண்டு, தனக்குள் நடக்கும் போரைத் தானே நோக்குகிறான். ஆசிரியர் தம் சொந்த அனுபவத்திலிருந்தே இதனை எழுதினார். குரல் கேட்பவன் அக்குரல்களை எதிர்த்து நிற்பதே தறுகண்மை. அதனை நூலாக எழுதியது கல்வி. போர்க்களத்தில் வேல் தாங்கியவனுக்கு மட்டுமே உரியது என நாம் எண்ணிய பெருமிதம் இங்கே ஒரு நோயாளனிடம் வந்து சேர்கிறது.

இரண்டாவது, கோபிகிருஷ்ணன் (1945–2003) எழுதிய 'உள்ளேயிருந்து சில குரல்கள்'. உளவியல் பயின்று, மனநலம் சார்ந்த சமூகப் பணியில் ஈடுபட்ட அவர், மனநோயாளரை வெளியிலிருந்து வர்ணிப்பதை விடுத்து, அவர்கள் பேசுவதைக் கேட்டு எழுதினார். ஒவ்வொருவரும் தனித்தனியாளாக நிற்கின்றனர். அவர்கள் பேச்சில் நகைச்சுவையும் உண்டு. ஆனால் அது அவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பன்று. அவர்களோடு சேர்ந்து சிரிப்பது. எள்ளலுக்கும் தோழமைக்கும் உள்ள வேறுபாட்டை இந்நூலில் கற்கலாம்.

மூன்றாவது, ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்'. தன்னை வளர்த்த பப்பாவின் சொந்த ஊரைத் தேடி வரும் ஹென்றி, மலைகள் சூழ்ந்த கிருஷ்ணராஜபுரத்தில் பாழடைந்து கிடக்கும் வீட்டைப் புதுப்பிக்கிறான். லாரியும் மலையும் மணியக்காரரும் வரும் அக்கதை எங்கள் பகுதி வாசகனுக்கு அயலூர்க் கதையாகத் தோன்றாது. அவ்வூருக்கு ஆடையின்றி ஒரு பெண் வந்து சேர்கிறாள். பேபி என்பது அவள் பெயர். ஹென்றி அவளுக்குத் தன் வீட்டில் இடமளிக்கிறான். அவளை மணக்கவோ குணமாக்கவோ அவன் முயலவில்லை. அவளிடம் எதனையும் எதிர்பார்க்கவுமில்லை. ஒருநாள் அவள் சொல்லாமல் போய்விடுகிறாள். ஹென்றி வருந்துகிறான். ஆனால் அவள் எந்நேரமும் திரும்பி வரலாம் என்று, அவளுக்காகக் கதவைத் திறந்தே வைக்கிறான். பேபி குணமானாளா என்பது நமக்குத் தெரியாது. ஆயினும் இது நம்பிக்கையற்ற முடிவன்று. நோயுற்றவர்க்கு உரிய நம்பிக்கை என்பது முழுக்குணம் மட்டுமன்று. திரும்பி வர ஓர் இடம் இருப்பதும் நம்பிக்கையே என்பதை இந்நாவலினின்று நான் கற்றேன்.

ஓர் ஐயமும் விடையும்

இக்கட்டுரையின் முதற்படியைப் படித்த எங்கள் பேராசிரியர் ஓர் ஐயம் எழுப்பினார்: "துன்பியல் முடிவும் உண்மைதானே? நோயாளி சாகக்கூடாது என்று கலைஞனுக்குக் கட்டளை இடலாமா?" என்றார்.

நியாயமான வினா. கலைஞனுக்குக் கட்டளையிடும் தகுதி எனக்கில்லை. எல்லாக் கதைகளும் மங்களமாக முடிய வேண்டும் என்பதும் என் கருத்தன்று. துன்பியலில் இரு வகை உண்டு என்பதே என் விடை. ஒன்று, நோய் வந்துவிட்டது, இனிச் சாவுதான் என்று காட்டுவது. மற்றொன்று, நோயாளனைச் சுற்றியிருந்தோர் எங்கே தவறினார், எந்தக் கதவு சாத்தப்பட்டது என்று காட்டுவது. முன்னது ஊழைக் காட்டுகிறது. பின்னது நம்மைக் காட்டுகிறது. 'சேது'வின் இறுதியில் நம்மைத் துன்புறுத்துவது அவன் நோயன்று, தெளிந்தபின் நேர்ந்த புறக்கணிப்பு. ஆகவே அதன் அழுகைக்குள்ளும் ஒரு பாடம் இருக்கிறது. '3' படத்தைக் கண்டு வரும் நோயுற்ற இளைஞன் என்ன பாடம் கொள்வான் என்று எண்ணும்போதுதான் அஞ்சுகிறேன்.

இனி ஒரு கதையைப் படிக்கும்போதோ பார்க்கும்போதோ நான்கு வினாக்களைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. நோயுற்ற பாத்திரத்துக்குப் பெயர் உண்டா? அது தன் வாயால் பேசுகிறதா? நோயல்லாத வேறு ஏதேனும் அதனிடம் உண்டா: தொழில், உறவு, விருப்பு, கோபம்? கதை முடிந்த மறுநாள் அது எங்கே இருக்கும் என்று ஆசிரியர் எண்ணியிருக்கிறாரா? இந்நான்கினுள் இரண்டுக்கேனும் 'ஆம்' என விடை வந்தால், அதனை மனிதனைப் பற்றிய கதை எனக் கொள்ளலாம்.

கதைக்கு வெளியே

கதைதானே என்று இதனை ஒதுக்கிவிடுவதற்கில்லை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் தங்கியிருந்த ஒரு கொட்டகை தீப்பற்றியது. 28 பேர் மாண்டனர். அவர்கள் ஓட முடியவில்லை, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். கதையில் பெர்த்தாவுக்கு நேர்ந்த முடிவை நம் மண்ணில் 28 பேர் மெய்யாகவே அடைந்தனர். சங்கிலி பூட்டியவர்கள் எல்லோரும் கொடியவர் அல்லர். விலங்கு என்றும் அணங்கு என்றும் நம்பிய ஒன்றைக் கட்டிவைத்தனர்.

மறுபுறம் நம்பிக்கைக்குரிய செய்திகளும் உள்ளன. 1794இல் சென்னையில் தொடங்கிப் பின்னர்க் கீழ்ப்பாக்கத்தில் நிலைபெற்ற மனநோய் மருத்துவமனையின் முதல் பெண் கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் சாரதா மேனன் (1923–2021). பூட்டிவைக்கும் இடமாக இருந்ததை மருத்துவம் செய்து வீட்டுக்கு அனுப்பும் இடமாக மாற்ற அவர் அரும்பாடுபட்டார். 1984இல் சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமாகிய 'ஸ்கார்ஃப்' தோன்றக் காரணமாக இருந்தார். சென்னையில் முதன்முறை மனச்சிதைவு கண்ட 90 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று, பத்தாண்டு முடிவில் அவர்களுள் பெரும்பாலோர் நோய்க்குறிகள் தணிந்து வாழ்ந்ததைக் கண்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாமல், கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகக் கொள்ளச் சொல்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவைக்கு 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். எண் சிறியது, விடுதி நண்பர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

நம் கதைகள் இச்செய்திகளுக்குப் பின்தங்கி நிற்கின்றன. மருத்துவம் முன்னேறிவிட்டது; நோயாளன் மாத்திரை உண்டு, வேலைக்குப் போய், சந்தையில் காய் வாங்கித் திரும்பும் கதை இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை.

முடிவுரை

என் மாமா முழுதும் குணமாகிவிட்டார் என்று நான் கூறமாட்டேன். மாத்திரையினால் உடல் சற்றுப் பருத்துவிட்டது. கை சிறிது நடுங்கும். ஆண்டுக்கொரு முறையேனும் உறக்கம் கெட்டு, அந்தக் குரல் மீண்டும் எட்டிப் பார்ப்பதுண்டு. உடனே மருத்துவரிடம் போய்விடுவார். பழைய பட்டறையில் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. பெண் பார்க்கப் போன இரு இடங்களில் செய்தி அறிந்து மறுத்துவிட்டனர். இன்று அவர் ஒரு ரோஜாப் பண்ணையில் வேலை செய்கிறார். எட்டு ஆண்டுகளாக ஒருநாளும் காரணமின்றி விடுப்பு எடுத்ததில்லை. பண்ணையில் தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டால் மெக்கானிக்கை அழைப்பதில்லை, அவரையே அழைக்கிறார்கள். தெருவில் யார் வீட்டு மிக்ஸி பழுதானாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

மெய்ப்பாட்டியலை வகுப்பில் பாடம் கேட்டபோது பெருமிதத்தின் நான்கு நிலைக்களன்களும் மன்னர்க்கும் புலவர்க்கும் மட்டுமே உரியவை என எண்ணியிருந்தேன். இப்போது அவ்வாறு எண்ணவில்லை. இயந்திரத்தின் ஓசை கேட்டே பழுதறிவது கல்வி. உள்ளே ஒரு குரல் 'வேண்டாம்' என்று சொன்னாலும் இரவுதோறும் மாத்திரையை எடுத்து விழுங்குவது தறுகண். மும்மொழித் தெருவில் 'மோட்டார்க்காரர்' என்று பெயர் பெற்றிருப்பது புகழ். நான் இக்கல்லூரியில் சேர்ந்தபோது முதற்கட்டணத்தைக் கட்டியவர் அவர், அது கொடை.

இக்கட்டுரையை மலர்க்குழுவிடம் கொடுப்பதற்கு முன் அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேர் இருக்கணும்னு எழுதியிருக்கே, என் பேரு மட்டும் எங்கேயும் வரலையே மாப்ளே?" என்று கேட்டார்.

"போடட்டுமா மாமா?" என்றேன்.

சற்று யோசித்தார். "இப்ப வேணாம். பண்ணையில புதுசா சூப்பர்வைசர் வந்திருக்காரு. இன்னொரு வருசம் போகட்டும். அப்புறம் போடலாம்" என்றார்.

அடுத்த ஆண்டு மலரில் அவர் பெயரை அச்சிடும் நிலை வர வேண்டும். அதற்கு அவர் செய்ய வேண்டியது எதுவும் மீதமில்லை. செய்ய வேண்டியவர்கள், கதை எழுதுவோரும் கதை கேட்போருமாகிய நாமே.